மதுரைக்கு ஒரு டிக்கெட்

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான்; வழியில் ஊர்ப் பலகைகளைப் படிக்கவென்றே பஸ்ஸில் பிடித்த ஜன்னலோர இடத்தை யாருக்கும் விட்டதில்லை. எண்பதுகளில் ஒரு நாள், ராஜபாளையத்தில் ஏறிய மீசைக்காரர் ஒருவர் அதைக் கேட்டார். கொடுக்கவில்லை. "இருக்கட்டும்க்கா" என்று சிரித்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராம். டிக்கெட்டை நான்காக மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகுவதும் எடுப்பதுமாகவே இருந்தார்.

அவர் பக்கத்தில் தகரப் பெட்டியோடு ஓர் இளம் சிப்பாய். லீவு முடிந்தும் மதுரைக்குப் போய் ரயிலேறாமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காள் வீட்டில் ஒளிந்துகொள்ளப் போகிறானாம்.

"துப்பாக்கி பிடிக்கப் போனேன். கோவேறு கழுதை மேய்க்க விட்டுட்டாங்கண்ணே. ஊரே சிரிக்கு."

"ஏலே, மலை உச்சியில பட்டினி கெடந்தவன் நான். அங்க லாரி ஏறாது. அரிசி கொண்டாந்தது கழுதைதான். பிடிக்கலைன்னா ஆபீசர்ட்ட மாத்தக் கேளு. ஓடிப்போனவன்னு பேரு வந்தா போவாதுலே. சரி, ஒங் கழுதைக்குப் பேரென்ன?"

அவன் முகம் மலர்ந்தது. "ராணி. என் கையில மட்டுந்தான் திம்பா."

"அப்போ இப்ப யார் கையில திங்கா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. அவன் இறங்கவில்லை. "மதுரைக்கு ஒரு டிக்கெட் போடுங்க" என்று கண்டக்டரைக் கூப்பிட்டான். மீசைக்காரர்தான் இறங்கிப் போனார்.

அவர் பேரை நான் கேட்கவில்லை. கழுதையின் பேர் மட்டும் மறக்கவில்லை. அந்த ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுத்திருக்கலாம்.