காரணம்பேட்டையில் நின்ற கார்

காலை 7.20-க்கு வெள்ளகோவிலை விட்டுக் கிளம்பினோம். கோயம்புத்தூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். பின் சீட்டில் என் மனைவி கவிதா இரண்டு தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எங்களுடையது பதின்மூன்று வருடப் பழைய ஹைபிரிட் கார். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி. அதிகம் குலுக்காது என்பதால் அவளுக்குத் தோதாக இருந்தது.

காங்கேயம், பல்லடம் தாண்டும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. 9.10-க்குக் காரணம்பேட்டையில் டேஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஏசியிலிருந்து வெக்கை அடித்தது. ஓரங்கட்டினேன். எதிரே லாரி ரேடியேட்டர் பார்க்கும் கடை. கடைக்காரர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"ஏனுங்க, இது பேட்டரி வண்டியாட்ட இருக்குது. நான் கை வெக்க மாட்டனுங்க. சிங்காநல்லூர்ல எஸ்தர்னு ஒரு அம்மா இதையே பாக்கறாங்க. அங்க கொண்டு போயிருங்க."

காரைத் தூக்கிப்போக ஒரு மீட்பு லாரி வந்தது. வாடகை 2,500 ரூபாய். அதன் முன்சீட்டில் கவிதாவை உட்கார வைத்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் என் மணிக்கட்டை இறுக்கினாள்.

10.25-க்கு எஸ்தரின் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முதலில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினைச் சிறிது நேரம் ஓட விட்டார். நீலம் மெல்ல மஞ்சளானது.

"இன்ஜின் பொகை தண்ணிக்குள்ள வருதுங்க. இன்ஜின் மூடிக்கு அடியில இருக்கற ஹெட் கேஸ்கெட் போயிருச்சு" என்றார். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்தார். சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒட்டியிருந்தது. "போர் தண்ணி ஊத்துனீங்களா?"

கவிதா என்னைப் பார்த்தாள். மூன்று வாரமாகக் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முடியட்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் தினமும் தண்ணீர் ஊற்றி வந்தேன்.

"ஆமாங்க" என்றேன்.

"அந்த உப்புதான் பம்ப்ப இறுக்கிப்போட்டுது. பம்ப் நின்னுதான் இந்தச் சூடு." ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மின்சாரத் தண்ணீர் பம்ப் 17,500. ஹெட்டைக் கழற்றி மட்டம் செய்து கேஸ்கெட் மாற்ற 78,000. "இதெல்லாம் செஞ்சாலும் பேட்டரிக்கு நான் உறுதி சொல்ல முடியாதுங்க. அதுவும் ரொம்பச் சூடு தின்னிருக்குது. இப்பிடியே வித்தா அறுபதாயிரத்துக்கு மேல யாரும் கேக்கமாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது 11.35. டாக்டர் தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மாசம் பஸ்ல போக வேண்டாம். கார்லதானே வந்தீங்க?"

"ஆமாங்க டாக்டர்" என்றாள் கவிதா.

வெளியே வந்ததும் டாக்சி பிடிக்கப் போனேன். அவள் தடுத்துவிட்டாள். "லாரிக்கே அவ்ளோ குடுத்தாச்சு. பஸ்லயே போலாமுங்க." குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 1.30-க்குச் சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தும், குலுக்கல் தாங்காமல் அவள் பாதி வழி கம்பியைப் பிடித்து நின்றாள். சூலூர்க் குளம் போனது, காற்றாலைகள் போயின. எதையும் அவள் பார்க்கவில்லை.

பல்லடம் தாண்டியதும் பேசினாள். "தண்ணி கொறையுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"நீ இருக்கற நெலமைல எதுக்குன்னு உட்டுட்டேன்."

அவள் இடது தொடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் அப்பிடித்தான் உட்டுட்டேன். பத்து நாளா எடது காலு மரத்துப் போகுது. டாக்டர்கிட்டயும் சொல்லல. மறுபடி ஆப்பரேசன்னு சொல்லிப்போட்டா உங்களால தாங்க முடியாதுன்னு."

காங்கேயத்தில் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். தள்ளிப்போடாமல் உடனே கூட்டி வரச் சொன்னார்கள். அங்கேயே டாக்சி பேசினேன், 2,400 ரூபாய். காரை விற்றுவிடச் சொல்லி எஸ்தருக்குச் செய்தி அனுப்பினேன்.

3.40-க்கு வந்த வழியே மறுபடி கிளம்பினோம். ஒரே நாளில் இந்தச் சாலை மூன்றாம் முறை. வீடு இருபத்திரண்டு கிலோமீட்டரில் இருந்தது. நாங்கள் அதற்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம். கவிதா என் தோளில் சாய்ந்துகொண்டு, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். பல்லடம் வந்தும் அவள் சொல்லி முடிக்கவில்லை.