சொல்லிட்டுப் போம்மா

காலை ஒன்பது மணிக்குப் பால்வாடியின் கம்பிக் கதவில் இடது கையை ஊன்றி, வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாள் ஆயா ராஜம்மாள். பிள்ளையோடு உள்ளே வருகிற தாயை விடுவாள். தனியாக வெளியே போகிற தாயைத்தான் விடமாட்டாள்.

"புள்ள கிட்ட சொல்லிட்டியா? சொல்லலியா? அப்ப திரும்பிப் போ. சொல்லிட்டு வா."

மல்லாட்டைக் கடலை உரிக்க மண்டிக்குப் போகிறவள், லாட்ஜில் அறை பெருக்குகிறவள், கோயில் வாசலில் பூ விற்கிறவள், எல்லாருக்கும் அவசரம். "சொன்னா அழுவுது ஆயா. நீ பராக்கு காட்டு, நான் நழுவிடறேன்" என்று கெஞ்சுவார்கள். "அழுவட்டும். அழுதா தொண்டைதான் நோவும். சொல்லாம போனா..." என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டாள். கையையும் எடுக்கமாட்டாள். டீச்சர் கஸ்தூரியே ஆயாவிடம் வாதாடிப் பார்த்து ஓய்ந்துபோனவள்தான்.

தாய் போனதும் அலறுகிற பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. புடவைத் தலைப்பின் நுனியில் ஒரு புளியங்கொட்டையை வைத்து முடிந்திருப்பாள். அந்த முடிச்சைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைப்பாள். "இதப் புடிச்சிக்கோ. எப்ப வேணாம்னு தோணுதோ அப்ப விடு." அதோடு சரி. அடுப்புக்குப் போனாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாலும் பின்னால் ஒரு பொடிசு தொங்கிக்கொண்டே நடக்கும். ஒரு மணி நேரத்தில் விடுவதும் உண்டு, ஒரு வாரம் பிடித்ததும் உண்டு. அவளாக ஒரு நாளும் இழுத்துப் பிடுங்கியதில்லை. அவள் புடவை எதைப் பார்த்தாலும் உடம்பெல்லாம் நன்றாக இருக்கும், அந்த ஒரு மூலை மட்டும் நைந்திருக்கும்.

சொல்லிக்கொண்டு கிளம்புகிற பைத்தியம் அவளுக்கு ஜாஸ்தி. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினவன் வரைக்கும் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவாள். ஒண்டிக்கட்டை. தெருக்கோடியில் ஒற்றை அறை. காலையில் பூட்டைப் பூட்டிவிட்டு, மூடின கதவைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்பாள்.

எதிரே தகரப் பெட்டி அடிக்கிற நூருல்லா பாய் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்பார். "உள்ள யாரு கீறாங்க ராஜம்மா? யார் கிட்ட சொல்ற?"

"பூட்டு கிட்டதான் பாய். அதாவது அழாம இருக்கட்டும்."

பாய் சிரிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொரு பிள்ளையாகத் தாயோடு போய், பால்வாடி காலியான பிறகும் வெகுநேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பாளே, அப்போது சிரிப்பு இருக்காது.

அவளைக் கட்டிக்கொடுத்தது கீழ்பென்னாத்தூரில். புருஷன் சகாதேவன் லாரி கிளீனர். அறுபத்து நாலாம் வருஷம் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். கையில் மூன்று வயசுப் பெண் சந்திரகலா. டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது, பிள்ளையோடு வரக்கூடாது என்றார்கள். சகாதேவனின் தங்கை உண்ணாமலைக்குக் குழந்தை இல்லை. "ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும் அண்ணி" என்றாள். கிளம்புகிற அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தனை பேரும் சொன்ன புத்தி ஒன்றுதான்: சொன்னா அழுவும், சொல்லாம போ. உண்ணாமலை குழந்தையைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்க் கன்றுக்குட்டியைக் காட்டினாள். ராஜம்மாள் சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவாசல் வழியாகப் போனாள்.

ஒரு மாசம் ஒன்றரை வருஷமாகிவிட்டது. அழைத்துப்போக வந்தபோது குழந்தை உண்ணாமலையின் காலைக் கட்டிக்கொண்டு, அவள் கூப்பிடுகிறபடியே "வாங்க அண்ணி" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். ராஜம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். உண்ணாமலை அம்மாவானாள், பெற்றவள் அண்ணியாகவே நின்றுவிட்டாள். அழைத்தும் குழந்தை கூட வரவில்லை. ஒரு தடவை உண்ணாமலை பேச்சுவாக்கில் சொன்னாள்: "நீங்க போன அப்பறம் எப்ப கன்னுக்குட்டி காட்டினாலும் அது கன்ன பாக்காது அண்ணி. திரும்பி வாசலத்தான் பாக்கும்."

சந்திரகலா வளர்ந்தாள், டவுனிலேயே ஒரு பஸ் கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல நாள் பெரிய நாளுக்கு ராஜம்மாளைப் பார்க்க வருவாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் எழுந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவாள். போயிட்டு வரேன் என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை. அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற துணிச்சல் ஊரையே மறிக்கிற ராஜம்மாளுக்கு வந்ததில்லை.

போன தை மாசம் சந்திரகலாவுக்குத் தையல் வேலை கிடைத்தது. மூன்று வயசு அருணகிரியைக் கூட்டிக்கொண்டு பால்வாடிக்கு வந்தாள். பையனை மணல் ஓரம் உட்கார வைத்துவிட்டு, கதவருகே வந்து மெல்லச் சொன்னாள்: "அண்ணி, கொஞ்சம் பராக்கு காட்டுங்க. நான் நழுவிடறேன்."

ராஜம்மாளின் கை கதவில்தான் இருந்தது.

"என்ன அண்ணி, வழி விடுங்க. நேரமாவுது."

"சொல்லிட்டுப் போ."

"அழுவான்."

"அழுவட்டும். காட்டறதுக்கு இங்க கன்னுக்குட்டி இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சந்திரகலா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நெத்தியில வெள்ளை இருக்கும் அதுக்கு" என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்குது."

திரும்பிப் போய்ப் பையன் எதிரே குந்தினாள். "அம்மா வேலைக்குப் போயிட்டு நாலு மணிக்கு வரேன். ஆயா கூட இரு." பையன் வீரிட்டான். ராஜம்மாள் ஓடிப்போய் முடிச்சை அவன் கையில் வைத்தாள். வெளியே போன சந்திரகலா, கதவைத் தாண்டியதும் நின்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

"போயிட்டு வரேன் அண்ணி."

பத்து நிமிஷம் அழுதான் அருணகிரி. பிறகு விக்கினான். பிறகு மணலில் இன்னொரு பிள்ளை குழி தோண்டுவதைப் பார்த்தான், முடிச்சை விட்டுவிட்டு ஓடினான். கஸ்தூரி டீச்சர் அடுப்பில் கஞ்சி பொங்குகிறதென்று கூப்பிட்டாள். ராஜம்மாள் கதவை விட்டு நகரவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை விட்டுப்போன அந்த முடிச்சை இப்போது அவள்தான் இறுகப் பிடித்திருந்தாள்.