காரணம் எழுத இடமில்லை

எண்பதுகளின் நடுவில் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பேக்கிங் பிரிவில் என் தோழி. வில்லாபுரத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வருவோம்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை. பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மாவால் ஊரிலிருந்து வர முடியவில்லை. ஒன்பது நாளும் தோழிதான் கூட இருந்தாள்.

"லீவு சொன்னியாடி?" என்று கேட்டால், "சூப்பர்வைசர்ட்ட சொல்லியாச்சு. நீ மொதல்ல கஞ்சியக் குடி" என்பாள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. எல்லாருடைய வருகையையும் அதில் ஏற்றும் வேலை எனக்கு. வந்திருந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். அவளுடைய ஒன்பது நாட்கள் வந்தபோது விரல் தயங்கியது. காரணம் எழுத அதில் இடமே இல்லை. ஒன்பது பூஜ்யங்களையும் அடித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆள்குறைப்பு. பூஜ்யங்களை எண்ணி, யார் யார் வேண்டாம் என்று கம்ப்யூட்டரே பட்டியல் போட்டது. அதில் அவள் பெயர் இருந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். "எனக்காகத்தான் சார் அவ லீவு போட்டா."

"தெரியும்மா. ஆனா லிஸ்ட்டு நான் போட்டதில்லையே, மிஷின் போட்டது."

"அப்ப யார்ட்ட சார் போயி கேக்குறது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பட்டியலை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். "அந்த ஒம்பது நாளையும் நாந்தான்டி அடிச்சேன்."

டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "நீ இல்லாட்டி வேறொருத்தி அடிச்சிருப்பா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றாள். தினமும் இறங்கும்போது 'வாரேன்' என்பவள், அன்று 'போறேன்' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. அண்ணனோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று இப்போதெல்லாம் மிஷினே யோசித்து முடிவெடுக்கும் என்று என் மகள் ஆசையாகச் சொல்கிறாள். எதை வைத்து என்று கேட்டால், அது தனக்கும் தெரியாது என்கிறாள்.

திருப்பூர் வழியாகப் போகும்போதெல்லாம், ஷிப்ட் முடிந்து வரும் பெண்களின் முகங்களைப் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டு போவேன். அவளுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். என் கண் தேடுவதோ இருபத்தாறு வயது முகத்தை.