ஜாக்குலின் டீச்சரின் ஆறிப்போன வண்டி

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், செங்கல் சூளை மூடிப்போன பொட்டல் ஒன்று உண்டு. விடிந்தும் விடியாததுமாக அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு பெண்ணின் தொண்டையைக் கேட்காமல் தாண்ட முடியாது. "கிளட்ச்ச மெதுவா வுடு! மெதுவான்னா இன்னா? தூங்கற புள்ளைய தொட்டில்ல போடற மாதிரி!" அதுதான் ஜாக்குலின். பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஸ்கூட்டியும் சொல்லித்தருவாள், ஆனால் அவள் பெருமையெல்லாம் கியர் பைக்கில்தான்.

சொந்த ஊர் நெம்மேலி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற பைக்கில் எல்லாம் பெண்கள் பின்சீட்டிலேயே ஒண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, "நாம இன்னா மூட்டையா?" என்று ஓட்டக் கற்றுக்கொண்டாள். "உனக்கு இதெல்லாம் வராது" என்று சொன்னவர்கள் ஒருவர் இருவரல்ல. அவர்களில் ஒருவரையும் அவள் மறக்கவில்லை. அதனால் அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு: எந்தப் பெண்ணையும் அந்த வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாது. கணவன் சாம் சிறுசேரியில் கம்பெனி ஷட்டில் ஓட்டுகிறான். வீட்டில் யார் நன்றாக ஓட்டுவது என்ற வழக்கு மட்டும் இன்னும் தீர்ப்பாகவில்லை.

அந்த வைராக்கியத்தைச் சோதிக்க வந்து சேர்ந்தவள் பூவாயி.

ஐம்பதை நெருங்கிய பெண். உள்கிராமத்தில் கீரையும் வெண்டையும் போடுகிற குடும்பம். கணவர் முனிசாமி அதைப் பைக்கில் கட்டி மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் கொடுத்து வந்தார். சர்க்கரை வியாதி அவர் கண்ணை மங்கவைத்துவிட்டது. "பொங்கலுக்குள்ள நீ எட்டு போட்டு லைசென்சு வாங்கிட்டா வண்டி இருக்கட்டும். இல்லாங்காட்டி வித்துடலாம். கீரைய வேன்காரன் கையில குடுத்துட்டு அவன் சொன்னதுக்குத் தலையாட்டிக்கினு கெடப்போம்" என்று சொல்லிவிட்டார். மனிதர் கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். அதுதான் பூவாயியை அதிகம் சுட்டது.

பூவாயி வருவதற்கு முன்பே, போன சித்திரையில், பயிற்சி வண்டிக்கு ஒரு வைத்தியம் நடந்திருந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும் வண்டி நாள் முழுக்க முதல் கியரிலேயே எருமை நடை நடக்கும். காற்றில் ஆற வேண்டிய சின்ன இன்ஜின், காற்றே படாமல் வெந்து, ஒரு நாள் புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் காசிநாதன், ஆயில் கூலர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். கைக்கடக்கமான ரேடியேட்டர்தான். இன்ஜின் ஆயில் குழாய் வழியாக அதற்குள் போய், சூடு தணிந்து திரும்பும். மெதுவாக ஓடும் வண்டியாயிற்றே என்று பின்னால் குட்டி ஃபேனும் வைத்தார். கூடவே பித்தளையில் ஒரு சாமான் வந்திருந்தது.

"இது தெர்மோஸ்டாட்டு. ஆயிலு சூடாவற வரைக்கும் கூலர் பக்கம் போவ வுடாது. சூடானாத்தான் தெறக்கும்" என்றார் காசிநாதன்.

"நம்ம ஊர்ல எப்பண்ணே சூடு இல்ல?"

"அதான். குளிர் தேசத்துக்காரனுக்கு வேணும். நமக்கு இன்னாத்துக்கு?"

"கழட்டிக் கடாசு அண்ணாத்த" என்றாள் ஜாக்குலின். நம் பக்கத்து மெக்கானிக்குகள் கார்களிலேயே அதைக் கழற்றி எறிகிறவர்கள், பைக்கிலா விட்டுவைப்பார்கள்? அந்தக் கோடை முழுக்க வண்டி ஒரு நாள் கூட முணுமுணுக்கவில்லை. இருவரும் தங்கள் புத்தியை மெச்சிக்கொண்டார்கள்.

பூவாயி மார்கழியில் வந்தாள். கீரை பறிக்கப் போக வேண்டும் என்பதால் விடிகாலையில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் வகுப்பு. கிளட்ச்சைப் பிடித்து முதல் கியரில் போட்டதும் வண்டி முரட்டுக் கன்றுக்குட்டிபோல் துள்ளி ஆஃப் ஆகும். மறுபடி உதை, மறுபடி துள்ளல், மறுபடி ஆஃப். தப்பித்துக் கிளம்பினாலும் எட்டின் வளைவில் வேகம் குறைந்ததும் விக்கி நின்றுவிடும். காலை ஊன்றினால் டெஸ்ட்டில் ஃபெயில். பத்து மணிக்கு வருகிற கல்லூரிப் பெண்களோ இதே வண்டியில் சிரித்துக்கொண்டே எட்டு போட்டார்கள்.

"வண்டி தூக்கிப் போடுது டீச்சர்" என்றாள் பூவாயி ஒரு நாள், தயங்கித் தயங்கி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஜாக்குலின் பட்டென்று சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். பூவாயியும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. நின்ற ஒவ்வொரு தடவையும் "எம்மேலதான் தப்பு" என்று முனகிக்கொண்டாள்.

கடைசியில் ஜாக்குலினுக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டது. இந்த அக்காவுக்கு வராது. மனதுக்குள் அந்த வார்த்தை வந்ததும் அவளுக்கு நாக்கே கசந்தது. ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

சொல்கிற சிரமத்தைப் பூவாயியே வைக்கவில்லை. மறுநாள் ஓட்டி முடித்ததும் இறங்கினாள். "நான் நாளைக்கு வரல டீச்சர். இந்த வயசுல எனக்கு ஏன் இந்த ஆசை" என்று சொல்லிக்கொண்டே, கால் தடுமாறி, இன்ஜினின் பக்க மூடிமேல் உள்ளங்கையை ஊன்றினாள்.

"கைய எடுக்கா! வெந்துடும்!" ஜாக்குலின் பாய்ந்து வந்தாள்.

பூவாயி கையை எடுக்கவில்லை. "எங்க வேவுது? வெதுவெதுன்னு கூட இல்லியே."

அவள் போய்விட்டாள். ஜாக்குலின் தன் கையை அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள். சித்திரையில் இந்த மூடி அவள் கணுக்காலைச் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனை நேரம் ஓடிய பிறகும் இப்போது ஆறின சோற்றுப் பானைபோல் இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினாள். உள்பக்கம் வெண்ணெய் தடவினாற்போல் வெள்ளையாய் அப்பியிருந்தது.

பத்து மணி வகுப்பைக் கூடப் பாராமல் காசிநாதன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அவர் அந்த வெள்ளையை விரலில் தொட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆயிலு சூடாவவே இல்லம்மா. பனி ஈரம் உள்ளயே தங்கிப்போச்சு. கிளட்ச் பிளேட்டு ஆயில்லதான் முங்கிக் கெடக்குது. ஆயிலு ஆறின கூழு மாதிரி கெட்டியா இருந்தா பிளேட்டு ஒட்டிக்கும், வண்டி துள்ளத்தான் துள்ளும். வெயில் ஏறினா சரியாய்டும். விடிகாலைல ஓட்றவ பாவம், அவளுக்கு எப்படி வரும்?"

"நீதானே கழட்ன?"

"நீதானே கடாசச் சொன்ன?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது, ஜாக்குலினுக்குக் கண்ணீரும் வந்தது. நல்ல வேளை, காசிநாதன் எதையும் கடாசுகிற ஆளில்லை. பித்தளைச் சாமான் ஆணிப் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தது. அன்றைக்கே அதை மாட்டி, புது ஆயில் ஊற்றினார்.

மறுநாள் விடிகாலை ஜாக்குலினே ஓட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் சூடாக விட்டுக் கியர் போட்டாள். வண்டி துள்ளவில்லை. நேராகப் பூவாயியின் ஊருக்கே விட்டாள்.

வாசலில் ஒருவன் முனிசாமியின் பைக் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்க வந்தவன். ஜாக்குலின் அவனைத் தாண்டிப் போய்ப் பூவாயியின் கையைப் பிடித்தாள். "கூடம்தான் கோணல்க்கா. நெசமாவே கோணல். வண்டிமேல தப்பு, எம்மேல தப்பு. உம்மேல ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு தரம் எவ்வண்டில ஏறிப் பாரு."

பூவாயி ஏறினாள். தெருக்கோடி வரை போய், வேப்பமரத்தைச் சுற்றி, காலை ஊன்றாமல் திரும்பி வந்தாள். இறங்கியதும் வாங்க வந்தவனைப் பார்த்து, "நீ கெளம்புப்பா, இது விக்கறதுக்கு இல்ல" என்றாள்.

பொங்கலுக்கு முன்பே பூவாயி எட்டு போட்டுத் தேறிவிட்டாள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு முதல் கீரைக்கட்டு கிளம்பிய காலையில் ஜாக்குலினும் போயிருந்தாள். பூவாயி முன்னால். முனிசாமி வாழ்நாளில் முதல்முறையாகப் பின்னால். கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்தார்.

"ஏய், சீட்டு கோணலா கீதுடி" என்றார்.

ஜாக்குலினுக்குப் பழமொழி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பூவாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்ஜினை நிறுத்தி, புருஷனை இறக்கி, வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டு, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

ஒரு போல்ட் லூசாகத்தான் இருந்தது.