கொதிநீரில் கொட்டிய நொதி

நொதிகளைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்திய விடுதி வார்டனுக்கு, தான் நடத்தியது புரிந்திருந்ததா, இல்லையா? ஏற்காட்டில் அந்த விடுதியை விட்டு வந்து இத்தனை வருடங்களாகியும் எனக்கு விடை தெரியவில்லை. கூடவே நினைவுக்கு வருவது ஆவி பறக்கும் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி.

காலையில் அவர் உயிரியல் டீச்சர். இரத்தம், பால், முட்டை எல்லாவற்றிலும் புரதம் உண்டு. சலவைத்தூளில் உள்ள நொதி அதைச் சிறு துண்டுகளாக வெட்டும், வெட்டுப்பட்டது தண்ணீரோடு போய்விடும், கொதிக்கிற சூட்டில் நொதி செயலிழந்துவிடும், அதனால் பச்சைத்தண்ணீரே சரி என்று போர்டில் மணிமணியாக எழுதுவார். ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் கிடையாது. மாலையில் அவரே வார்டன். மாதவிலக்கில் கறைபட்ட விரிப்பைக் கொண்டுபோனால், பாய்லரிலிருந்து கொதிநீர் பிடித்து, அதே தூளைக் கொட்டி, விரிப்பை அமுக்குவார். மலைக்குளிரில் பெண்களுக்குச் சுடுதண்ணீர் தருவதைப் பெரிய தர்மம்போலப் பெற்றோரிடம் சொல்லிக்கொள்வார். நொதி வீணாகும்; இரத்தம் வெந்து நூலோடு பழுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

என் விரிப்பிலும் ஒட்டியது. அதைச் சாப்பாட்டு அறைக்கு எதிரே கொடியில் போடச் சொன்னார்.

"ஏன் கண்ணு, உங்க ஊட்ல தொவைக்கறதே இல்லீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். "டீச்சர், நீங்கதான் பச்சத்தண்ணின்னு..." என்று இழுத்தேன்.

"அது பரீட்சைக்குங்க கண்ணு. இது தொவைக்கறது."

பனிமூட்டத்தில் அந்த விரிப்பு நாள்கணக்கில் காயாமல் தொங்கியது. தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். தெரிந்ததைக் கரும்பலகையோடு துடைத்துவிட்டு வந்து, தானே வேகவைத்த கறைக்கு ஒரு சிறுமியை எல்லார் முன்பும் தலைகுனிய வைத்தவரை நினைத்தால் இன்றும் இளக்காரம்தான் வருகிறது.

என் மகள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறாள். நான் மறுபடி வேலைக்குப் போயாக வேண்டும். அதே மலையிலுள்ள வெள்ளக்கடையில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரே ஒரு குழந்தைகள் காப்பகம்; நடத்துவது, ஓய்வுபெற்ற அந்த வார்டன். போய்ப் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"கவலையே படாதீங்க. பாப்பா துணியெல்லாம் இங்க கொதிக்கிற தண்ணியிலதானுங்க."

அவருக்குப் பின்னால் ஒரு வாளியில் ஆவி பறந்தது. பால்கறையோடு ஒரு சின்னச் சட்டை வெந்துகொண்டிருந்தது.

இடம் சுத்தம்தான். குழந்தைகள் யாரும் அழவில்லை. ஒரு கறையை இத்தனை காலம் சுமப்பது என் சிறுமையோ என்றும் யோசிக்கிறேன். ஆனால் கறை போகாதபோது அவர் யாரைக் குறை சொல்வார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: அவளை அங்கே விடலாமா?