மரக்காணத்தில் கரியிலிருந்து பிரிந்த கந்தகம்

காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் பேருந்து ஏறினேன். மரக்காணம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே நிலக்கரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் மகள் பிருந்தாவின் கையில் அமிலக் கரைசல் கொட்டிவிட்டதாக முந்தாநாள் தொலைபேசி வந்தது. அவளை வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவது என்று கிளம்பியிருந்தேன்.

எட்டேகாலுக்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் போனேன். இருபுறமும் உப்புப் பாத்திகள், கண் கூசும் வெள்ளைக் குவியல்கள்.

“கரிக்குக் குளியல் போடுற ஷெட்டுக்கா சார்? சோப்பு எடுத்தாந்தீங்களா?” என்றார் ஓட்டுநர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிருந்தா மணிக்கட்டில் கட்டோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் அவளுடன் வேலை செய்யும் அஞ்சலை. போன மாதம்வரை உப்பளத்தில் இருந்தவர்.

“எல்லாம் என்னாலதாங்க சார்” என்றார்.

பாத்தித் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது அளத்துக்காரர்களின் வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் கரைசலிலும் விரலை விடப் போயிருக்கிறார். பிருந்தா பாய்ந்து தட்டிவிட்டதில் ஜாடி அவள் கையிலேயே கவிழ்ந்துவிட்டது.

“நாக்கே போயிருக்கும்க்கா!”

“போனா எங்க வூட்டுக்காரு சந்தோஷத்துல சாமிக்கு மொட்டையே போட்டிருப்பாரு.”

பத்து மணிக்குப் பிருந்தா உள்ளே கூட்டிப் போனாள். பொடித்த நிலக்கரியை இரும்பு உப்பு கலந்த அமில நீரில் கொதிக்க வைக்கிறார்கள். கரிக்குள் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் கந்தகம் விடுபடுகிறது. ஒரு பங்கு நீரோடு போகிறது. கரியில் தங்கும் மீதியைச் சூடான கரைப்பான் ஊற்றிக் கரைத்து இறக்குகிறார்கள். கரியை அப்படியே எரித்திருந்தால் நச்சுப் புகையாக மேலே போயிருக்கும்.

“எல்லாமே வந்துடாதுப்பா. கரியோட ஒண்ணாக் கலந்தது இன்னும் பிடி குடுக்கல” என்றாள்.

இறக்கிய திரவத்தை ஒரு கண்ணாடித் தட்டில் ஆற வைத்திருந்தாள். தெளிந்த நீர் போலத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு மஞ்சள் ஊசி முளைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு தட்டு முழுக்க. கோடிக்கணக்கான வருடங்கள் கறுப்புக்குள் கிடந்த மஞ்சள். என் மூச்சுப் பட்டால் கலைந்துவிடுமோ என்று பின்னால் நகர்ந்தேன். அருகில், இதைத் தினம் பார்க்கும் என் மகளும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

“பை ரெடியா இருக்குதுப்பா. நீங்க சொன்னா வந்துடுறேன்” என்றாள் மெதுவாக.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தேன். “முழங்கை வரைக்கும் வர்ற க்ளவுஸ் வாங்கியாச்சா?”

“நேத்தே வந்துடுச்சு.”

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்ப்பா.”

மதியம் ஒன்றரைக்குத் திண்டிவனம் பேருந்து. உப்பளம் பின்னால் நகரத் தொடங்கியபோது மனைவி தொலைபேசியில் கேட்டாள்: “ரெண்டு பேரும் ஏறியாச்சா?”

“நான் ஏறிட்டேன்” என்றேன்.