தங்கையின் உயரம்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குக் 'கோடு' என்று பெயர். எந்த போல்ட்டை முடுக்கினாலும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். அடுத்த மாதம் வந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். மற்றவர்கள் மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் மெஷின் ரூம் கதவின் கீலுக்கும் போடுவார். வீட்டில் சாப்பாட்டு மேஜையின் கால்களிலும் சிவப்புக் கோடுகள் இருந்தன.

அந்த வீட்டில் மூன்று வருஷம் முன்பு வரை இரண்டு பேர். அவரும் தங்கையும். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவருக்கு இருபத்தாறு, அவளுக்குப் பதினொன்று. அவள் வளர்ந்து அவரைவிட இரண்டு விரல் உயரமானாள். வேலைக்குப் போன முதல் வருஷம் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினாள். ஹேண்டிலின் இடது பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு சிறிய லீவர். அதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே போகும். எழுந்து நின்று அழுத்தினால் தானாக மேலே வரும். சரிவில் இறங்கும்போது சீட் தாழ்ந்திருக்க வேண்டுமாம்.

"உன் சைக்கிள்லயும் லிஃப்ட் வச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

"உன்கிட்டேருந்து தப்பிக்க முடியுமாண்ணா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மலைக்குப் போவாள். அவர் பஸ் பிடித்துப் போய் அடிவாரத்தில் ஃபிளாஸ்க்கோடு காத்திருப்பார். அவள் பல்லெல்லாம் மண்ணாக இறங்கி வருவாள்.

கல்யாணமாகி, இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய ஊருக்குக் கிளம்பிய காலையில், அவர் சீட் குழாயை ஃபிரேமோடு பிடிக்கும் காலரை முடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியோடு வாசலில் நின்று அவள் பார்த்தாள்.

"போதும்ணா. திருகு கதறுது."

"உன் உயரம் இறங்கிடக் கூடாதுல்ல."

"இறங்கினா ஏத்திக்கலாம். சீட்டுதானே."

திருகின் தலையிலிருந்து காலரைத் தாண்டி குழாய் வரைக்கும் ஒரு கோடு போட்டார். பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.

போன வாரம் அவள் போனில் சொன்னாள். "கீழ்வீட்டு நீச்சல் டீச்சருக்கு அந்த வண்டியக் குடுத்துடேன். கேட்டுக்கிட்டே இருந்தாங்களாமே. சும்மா நின்னு என்ன பண்ணுது?"

"நீ வந்தா?"

"வந்தா அப்போ பாத்துக்கலாம்."

எப்போது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டுமே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீவரை அழுத்தி உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. சீட் முனகிக்கொண்டு கீழே போனது. திரும்ப வரவில்லை.

மறுநாள் மெஷின் ரூமில் கூட்டாளியிடம் சொன்னபோது அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"இருபது மாடி ஏத்தி இறக்குற ஆளு. ஒரு சாண் சீட்டு உங்களுக்கு டிமிக்கி குடுக்குதா?"

"கேபிள்ல கோளாறு இல்லடா."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களோ என்னவோ. தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கண்ணே."

மத்தியானம் வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். கேபிளை இழுத்துப் பார்த்தார். விறைப்பாகவே இருந்தது. சீட்டுக்குக் கீழே, பெரிய குழாய்க்குள் போய்வரும் பளபளப்பான சின்னக் குழாயில் வெளியே தெரிந்த துண்டைத் துணியால் துடைத்தார். அதன் கழுத்திலிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினார். உள்ளே கறுப்பாக மண். அந்த மலையின் மண்ணாகத்தான் இருக்க வேண்டும். துடைத்த துணியை உதறாமல் மடித்து வைத்தார். கொஞ்சம் கிரீஸ் தடவி லீவரை அழுத்தினார். சீட் ஒரு விரல் அளவு வந்து நின்றுவிட்டது.

இனி மொத்தமாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். காலர் திருகில் ஆலன் சாவியை வைத்தார். கோடு போட்ட அன்று இருந்தபடியே நேராக இருந்தது. அரைச் சுற்று தளர்த்தினார். கோடு இரண்டாக விலகியது. சும்மா லீவரைத் தொட்டார்.

டுப் என்று சீட் எழுந்து அவர் முழங்கையில் இடித்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. காலர் பெரிய குழாயை நசுக்கி, அது உள்ளே இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேபிள் மேலும் மண் மேலும் சந்தேகப்பட்டாயிற்று. கழுத்தைப் பிடித்தது அவரே.

பதினோரு தடவை இறக்கி ஏற்றினார். பிறகு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சீட் அவள் வைத்துவிட்டுப் போன உயரத்தில், மூக்கு சற்றுக் கீழே சாய்ந்து நின்றது. அவள் இப்போதுதான் இறங்கி முகம் கழுவப் போன மாதிரி.

ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். சீட்டை இறக்கினார். சாவியை வைத்து அரைச் சுற்று இறுக்கினார். கோடு மறுபடி ஒன்று சேர்ந்தது.

ஞாயிறு காலை டீச்சர் ஈரத் தலையோடு வந்தார். குள்ளமான, சத்தமான மனுஷி.

"லிஃப்ட் சார், என் ரதம் ரெடியா?"

"டீச்சர், ஒரு விஷயம். சீட் மேல வர மாட்டேங்குது. பழசாயிடுச்சு. வேண்டாம்னா தயங்காமச் சொல்லிடுங்க."

டீச்சர் உட்கார்ந்து பார்த்தார். "கால் எட்டுது சார். இது போதும். நான் என்ன, கொக்கா?"

"இவ்வளவு தாழ்வா ஓட்டினா முட்டி போயிடும்."

"போனாப் போகுது. தண்ணிக்குள்ள முட்டி எதுக்கு?"

டீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் போய்விட்டார். அவர் பின்னாலேயே போனார். கதவு மூட வந்தபோது கையை நீட்டினார். கதவு திறந்தது.

"ஒரு நிமிஷம் வெளிய வாங்க டீச்சர்."

சட்டைப் பையிலிருந்து ஆலன் சாவியை எடுத்தார்.

"சாவி பையிலயேதான் இருந்துதா?" என்றார் டீச்சர்.

அவர் குனிந்து சாவியைத் திருகில் வைத்தார். அரைச் சுற்று. லீவர். டுப்.

"அடேயப்பா! யாரு உயரம் சார் இது?"

"தங்கச்சி."

"எனக்கு ஏணி வேணும்."

உள்ளே மடங்கிவிடாமல் முன்பக்கம் கேபிளை மெதுவாக இழுத்துக்கொண்டே பெரிய குழாயை ஃபிரேமுக்குள் அழுத்தினார். மூன்று விரல் அளவு இறங்கியது. குழாயில் இருந்த சிவப்புக் கோடு காலருக்குக் கீழே போய் மறைந்தது. பிறகு காலரை அளவாக முடுக்கினார்.

"இதுக்கு மேல முடுக்காதீங்க. முடுக்கணும்னு தோணும். வேண்டாம்."

"கோடு போடலியா? உங்க வீட்டுல செருப்புக்குக்கூட இருக்கும்போல."

"இதுக்கு வேண்டாம் டீச்சர்."

லிஃப்ட் கீழே இறங்கியது. எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

"எடுத்துட்டுப் போயிட்டாங்களாண்ணா? சீட் ஏறுதா?"

"ஏறுது. அவங்களுக்காக மூணு விரல் இறக்கி வச்சேன்."

"என் கோடு?"

"உள்ள இருக்கு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு நின்றது.

"நீ எப்போ வர்றே?" என்று கேட்டார்.

பதிலுக்காக அவர் போனை வைக்காமல் நின்றார்.